மூன்று நிமிட உரை

நோர்வேயின் வடகோடியிலுள்ள ஹம்மர்பெஸ்டுக்கு விமானம் புறப்பட இன்னும் ஐம்பது மணித்தியாலம் இருந்தது. உதயகுமாரி ரோல்ஸ் சுற்றிக்கொண்டிருந்தாள்.

அந்த விமானத்தில் அவளுடைய மகள் போகவில்லை. மேல்மாடிப் பூமணியின் மகள் துஷாராதான் போகிறாள். ஆனாலும் ரோல்ஸ் உதயகுமாரியின் அடுப்பில்தான் பொரிந்தது. அவர்கள் வசிக்கும் புருசெத்தின் இளைஞர் நிலையத்தில் தண்ணீர்க் குழாய் வெடித்து, நிலப்பலகை முழுவதும் ஊறிப்போயிருந்தது. ஒத்திகைக்கு இடமில்லை என்று தெரிந்தவுடன், "எங்கடை வீட்டை வரச் சொல்லு" என்று சொன்னவள் அவள்தான். ஏன் சொன்னாள் என்று பிறகு அவளுக்கே விளங்கவில்லை. பூமணி முந்திவிடக்கூடாது என்பது மட்டும் அப்போது மனதில் இருந்தது.

நாடு முழுவதிலுமிருந்து பதின்வயதுப் பிள்ளைகள் கூடும் தலைமைத்துவ மாநாடு ஹம்மர்பெஸ்டில் நடக்கிறது. நான்கு நாள் அங்கேயே தங்க வேண்டும். புருசெத்திலிருந்து இரண்டு பேர் போகிறார்கள், துஷாராவும் சாயும். அவர்களில் ஒருவருக்கு நோய் வந்தால் போவதற்கு ஒரு பதிலாள் உண்டு. அது உதயகுமாரியின் ஒரே மகள் தனுஷா. பதிலாளும் எல்லாவற்றையும் படிக்க வேண்டும், எல்லா ஒத்திகைக்கும் வர வேண்டும், பெட்டியும் கட்டி வைக்க வேண்டும். போகத்தான் முடியாது.

இதை உதயகுமாரி முதலில் பிழையாக விளங்கிக்கொண்டாள். கடிதத்தில் மகளின் பெயரைக் கண்டவுடன், கோயிலில் அன்னதான வரிசையில் நின்ற எல்லோருக்கும் சொல்லிவிட்டாள். பூமணி பின்னால் நின்றிருக்கிறாள்.

"இல்லைக் குமாரி, உவள் சும்மா ஸ்பெயருக்கு. கார் டிக்கியிலை ஒரு ரயர் கிடக்குமெல்லே, அதுமாதிரி."

எல்லோரும் சிரித்தார்கள். உதயகுமாரியும் சிரித்தாள். அன்றைக்குச் சோறு இறங்கவில்லை.

பூமணி சிறுவர் பாடசாலையில் வேலை செய்கிறாள். நோர்வேஜிய மொழி தண்ணீர் மாதிரி வரும். மூன்று பிள்ளைகள். மூன்றும் படிகளில் ஏறி இறங்கும் சத்தம் உதயகுமாரியின் வரவேற்பறைக்குள் கேட்கும். "நீங்கள் ஒண்டோடை நிப்பாட்டியிட்டியளோ?" என்று புதிதாக வந்த யாராவது கேட்டால், "டொக்டர் வேண்டாமெண்டிட்டார்" என்று சொல்லிவிட்டு அவள் வேறு கதைக்குப் போவாள்.

நாலு மணிக்கே வெளியே இருட்டிவிட்டது. பனியும் மழையும் கலந்து கண்ணாடியில் அடித்தது. பிள்ளைகள் சப்பாத்தைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தார்கள். பின்னால் கரோலினா வந்தாள். இளைஞர் நிலையத்தில் வேலை செய்யும் போலந்துக்காரி. மூக்கு சிவந்திருந்தது.

துஷாரா புதுக் குளிர்ச்சட்டை போட்டிருந்தாள். உதயகுமாரி அதன் விலையை மனதில் மதிப்பிட்டாள். பிறகு தனுஷாவின் பழைய கம்பளிச் சட்டையின் முழங்கையைப் பார்த்தாள்.

"அன்ரி, வாசம் கீழ்மாடி வரைக்கும் வருது" என்றாள் துஷாரா.

"ஓம், வரும்" என்றாள் உதயகுமாரி.

சாய் நேரே குசினிக்குள் வந்து ஒன்றை எடுத்தான். அவனுடைய அப்பா அம்மா சென்னையிலிருந்து கணினி வேலைக்கு வந்தவர்கள். "ஆன்ட்டி, செம்ம! எங்க அம்மா இதெல்லாம் பண்ணவே மாட்டாங்க. உள்ள என்ன?"

"ரின்மீனும் உருளைக்கிழங்கும். சுடும், ஆறவிட்டுச் சாப்பிடு தம்பி."

"நீங்க பேசறது பாட்டு மாதிரி இருக்கு ஆன்ட்டி."

"நீ கதைக்கிறதுதான் படம் மாதிரி இருக்கு."

வரவேற்பறையில் கதிரைகளை வரிசையாகப் போட்டிருந்தார்கள். தனுஷா சபைத் தலைவராக இருந்து பழக்க வேண்டும். வெட்டுப்பலகையும் அகப்பையும் அவள் முன்னால் இருந்தன. மூன்று நிமிடம் முடிந்ததும் அடிக்க வேண்டும். மாநாட்டில் ஒருவருக்கு அவ்வளவுதான்.

சாய் உதைபந்தாட்டக் கழகத்துக் குளியலறையில் கதவு இல்லாததைப் பற்றிப் பேசினான். கரோலினா இடையில் நிறுத்தினாள். "'பலர் கூச்சப்படுகிறார்கள்' என்று சொல்லாதே. 'நான் கூச்சப்படுகிறேன்' என்று சொல். உன் கதையைச் சொன்னால்தான் அந்த மண்டபம் காது கொடுக்கும்." இதை அவள் எல்லோருக்கும் எல்லா நாளும் சொல்வாள். தெரிவு நடந்த அன்று, தனுஷா பேருந்து அடிக்கடி வராததைப் பற்றிப் பேசினாள். அதில் 'நான்' எங்கேயும் இல்லை. நாலு வாக்கில் தோற்றாள்.

துஷாரா எழுந்து நின்றாள். உதயகுமாரி கடைசி ஐந்து ரோல்ஸை எண்ணெயில் போட்டாள். நோர்வேஜிய மொழி வேகமாக வந்தால் அவளுக்குச் சொற்கள் உதிர்ந்துவிடும். துஷாரா மெதுவாகவே தொடங்கினாள்.

"எனக்கு ஒன்பது வயது. ஆஸ்பத்திரியில் ஒரு கதிரையில் இருக்கிறேன். கால் நிலத்தில் முட்டவில்லை. அம்மாவின் வயிற்றிலிருந்த குழந்தை மூன்று கிழமைக்கு முதல் இறந்துவிட்டது. மொழிபெயர்ப்பாளர் வரவில்லை. பனி. டொக்டர் என்னைப் பார்த்து, 'உனக்கு நல்லாய் மொழி தெரிகிறதே, அம்மாவுக்கு நீ சொல்கிறாயா?' என்றார். நான் ஓம் என்றேன். டொக்டர் கதைத்தார். நான் அம்மாவைப் பார்த்தேன்..."

டக், டக், டக்.

"இன்னும் நாற்பது நொடி இருக்கிறதே" என்றாள் கரோலினா.

"இல்லை. முடிந்துவிட்டது" என்றாள் தனுஷா.

குசினியில் ஐந்து ரோல்ஸும் கறுத்துப்போயின.

உதயகுமாரிக்கு அந்தக் கதிரை தெரியும். அதற்குப் பக்கத்துக் கதிரையில் இருந்தவள் அவள். மகளின் பனிச்சப்பாத்திலிருந்து தண்ணீர் வடிந்து நிலத்தில் ஒரு சிறிய குளம் நின்றது. அப்போது அவளுக்கு மொழி அவ்வளவாகத் தெரியாது. கலியாணம் முடித்து வந்து முதல் ஏழு வருடம் ஹம்மர்பெஸ்டில் மீன் தொழிற்சாலையில், மீன் ஓடும் பட்டியருகே நின்று வேலை செய்தாள். இரண்டு பக்கமும் தமிழ்ச் சனம். மொழி படிக்கத் தேவை வரவில்லை. அந்த டொக்டர் கனநேரம் கதைத்தார். தனுஷா கொஞ்சமாகச் சொன்னாள். "இனிப் பிள்ளை வேண்டாமாம் அம்மா. பிறந்தால் நீங்கள் செத்துப்போவியளாம்." டொக்டர் சிரித்த முகத்தோடு இருந்தார். இந்த நாட்டு டொக்டர்மார் எதையும் சிரித்தபடிதான் சொல்வார்கள் என்று அவள் நினைத்துக்கொண்டாள். நன்றி சொல்லிவிட்டு எழுந்தாள்.

ஒத்திகை முடிந்து பிள்ளைகள் வாசலில் சப்பாத்துப் போட்டார்கள். கரோலினாவும் சாயும் படியிறங்கிய பிறகு தனுஷாவின் குரல் கேட்டது.

"அந்த இடத்திலை அழுறமாதிரிக் கதைக்காதை. நான் அழேல்லை. டொக்டரும் அப்பிடி முறைச்சுக் கேக்கேல்லை. அவர் நல்லவர்."

"கரோலினா உணர்ச்சியாய்ச் சொல்லச் சொன்னவ."

"அது உன்ரை உணர்ச்சி இல்லை."

"அப்ப நீயே சொல்லியிருக்கலாமே! நான் வேண்டாமெண்டு சொன்னனானே?"

கதவு சாத்தப்பட்டது. தனுஷா திரும்பியபோது தாய் ஈரக்கையோடு நின்றாள்.

"அது எங்கடை கதை" என்றாள் உதயகுமாரி.

"நான்தான் அவளுக்குச் சொன்னனான். போன கோடையிலை."

"சொன்னால்? தூக்கித் தன்ரை எண்டு சொல்லுறதோ? அவளின்ரை தாய்க்கு ஒண்டும் அழியேல்லை. மூண்டும் உருண்டு திரண்டு ஓடித்திரியுதுகள். என்ரை வயித்திலை செத்ததைக் காட்டி அவள் விமானம் ஏறுறாளோ?"

"விடுங்கோ அம்மா."

"ஏன் விடவேணும்? நீயும் அவளிலை எரிஞ்சுபோய்த்தானே அகப்பையாலை அடிச்சனி. நான் கண்டனான்."

தனுஷா வெட்டுப்பலகையை எடுத்துக் கழுவினாள்.

குகநேசன் வேலை முடிந்து பேருந்துச் சாரதிச் சட்டையோடே சாப்பிட இருந்தான். புட்டும் மீன்குழம்பும். உதயகுமாரி பரிமாறியபடியே எல்லாவற்றையும் சொன்னாள். அவன் முள்ளை எடுத்துத் தட்டின் ஓரத்தில் வைத்தான்.

"ஹம்மர்பெஸ்டிலை இப்ப பகலே இல்லை" என்றான். "காத்து காதைக் கடிச்சுக்கொண்டு போயிடும். போகாட்டில் நல்லம்."

"நான் என்ன கதைக்கிறன், நீங்கள் என்ன கதைக்கிறியள்?"

"விளங்குது. அதைக் கிளறாதையப்பா. கிளறி என்ன வரப்போகுது?"

"நாளைக்குத் தாய் தகப்பனுக்கு முன்னாலை கடைசி ஒத்திகை. பூமணியக்கா வருவா. அவவுக்கு முன்னாலை கேக்கத்தான் போறன்."

"எனக்கு நாளைக்குப் பின்னேரம் வேலை. நீயே பார்" என்றான் குகநேசன். கொஞ்சம் பொறுத்து, "அந்தக் காலத்திலை நான் உன்னோடை ஆஸ்பத்திரிக்கு வந்திருக்கவேணும்" என்றான்.

ஒரு முறை அவன் கேட்டிருக்கிறான். வேறு டொக்டரிடம் போய்ப் பார்ப்போமா என்று. "இருக்கிற பிள்ளைக்குத் தாய் வேணும்" என்று அவள்தான் மறுத்தாள். அதற்குப் பிறகு அந்தப் பேச்சு வீட்டில் எழவில்லை.

தனுஷா புட்டை அளைந்துகொண்டிருந்தாள். "எனக்குப் போக விருப்பமில்லை" என்றாள்.

"பொய். கம்பளிக் காலுறை எல்லாம் சுருட்டி வடிவா அடுக்கி வைச்சிருக்கிறாய். பார்த்தனான்."

தனுஷா எழுந்து அறைக்குள் போனாள்.

அடுத்த நாள் காலை எல்லிங்ஸ்ருட் முதியோர் இல்லத்துச் சமையலறையில் உதயகுமாரி உருளைக்கிழங்குத் தட்டுகளை அடுப்புக்குள் தள்ளினாள். மேரியம்மா கரட் வெட்டிக்கொண்டிருந்தாள். நீண்டகாலச் சிநேகிதி. நாக்கு நீளம்.

"முகம் அவிஞ்ச கரட் மாதிரிக் கிடக்கு. என்ன, மேல்மாடிக்காரி ஏதும் சொன்னவவோ?"

உதயகுமாரி சொன்னாள். மேரியம்மா கத்தியை வைத்துவிட்டுக் கேட்டாள்.

"பெட்டைக்குக் காய்ச்சல் வரவேணுமெண்டு முருகனுக்கு நேர்த்தி வைச்சியோ?"

"விசர்க்கதை கதையாதையுங்கோ."

"வைச்சனி. உன்ரை கண்ணிலை தெரியுது. எங்கடை மாதாவெண்டால் உதுக்கெல்லாம் காது குடுக்கமாட்டா."

உதயகுமாரிக்குச் சிரிப்பு வந்தது. பாதியில் நின்றது. "வைக்கேல்லை அக்கா. ஆனால் அவள் தும்மினால் சந்தோசமாய்க் கிடக்கு. நேற்று இரண்டு தரம் தும்மினவள்."

"உனக்கு எரியிறது பெட்டையிலையோ, தாயிலையோ?"

அவள் யோசித்தாள். அடுப்பின் நேரக்குமிழைத் திருகினாள்.

"மூண்டு பேர் படியாலை இறங்குற சத்தத்திலை" என்றாள்.

மேரியம்மா கரட்டை மறுபடி எடுத்தாள்.

"கேள். ஆனால் நாலு பேருக்கு முன்னாலை கேளாதை" என்றாள் மேரியம்மா. "முன்னாலை கேட்டால் முன்னாலைதான் பதிலும் வரும்."

அன்று பின்னேரம் பூமணி சொக்கலேற் கேக்கோடு வந்தாள். நீண்ட சோபாவின் நடுவில் இருந்தாள். சாயின் அம்மா வேலையில் மாட்டிக்கொண்டதாகச் செய்தி அனுப்பியிருந்தாள்.

"வீட்டை வடிவா வைச்சிருக்கிறாய் குமாரி. ஒரு பிள்ளையெண்டால் சுகம். எங்கடை வீடு சந்தை."

"ஓம் அக்கா. மேலை நடக்கிற சந்தை இஞ்சை கேக்கும்."

கரோலினா கைதட்டினாள். "இன்று நான்தான் நேரம் பார்ப்பேன். தனுஷா, நீ பார்வையாளர்."

தனுஷா அகப்பையை நீட்டினாள். அதைக் கொடுத்த பிறகும் கை அப்படியே கொஞ்ச நேரம் நீண்டிருந்தது.

சாய் பேசினான். இந்த முறை 'நான்' என்று சொன்னான், காது சிவந்தது. எல்லோரும் கைதட்டினார்கள். பிறகு துஷாரா எழுந்தாள். தாயைப் பார்க்கவில்லை. மனப்பாடம் ஒப்பிப்பதுபோல் வேகமாகச் சொன்னாள். ஒன்பது வயது. கதிரை. இறந்த குழந்தை. பனி. டொக்டர். "நான் அம்மாவைப் பார்த்தேன். நன்றி" என்று சொல்லி இருந்துவிட்டாள்.

"முடிவு எங்கே?" என்றாள் கரோலினா. "அந்த முடிவுக்காகத்தானே உனக்கு அத்தனை வாக்கு விழுந்தது!"

ஆனால் பூமணி எழுந்துவிட்டாள்.

"எடி, எனக்கு எப்பயடி பிள்ளை அழிஞ்சது?"

"அம்மா, இருங்கோ..."

"எப்ப நீ எனக்கு மொழி மாத்திச் சொன்னனி? நான் டொக்டரோடை கதைக்கத் தெரியாதவளோ? நான் பிள்ளையளுக்கு நொஸ்க் பாசை படிப்பிக்கிறவளடி! இதை ஊர் உலகமெல்லாம் போய்ச் சொல்லப் போறியோ?"

கரோலினா சாயைப் பார்த்தாள். "என்ன சொல்கிறார்?"

சாய் வாயில் இருந்ததை விழுங்கினான். "அது அவர்களுடைய கதை இல்லையாம்" என்று நோர்வேஜிய மொழியில் சொன்னான்.

உதயகுமாரி குசினி வாசலில் நின்றாள். இரவு முழுவதும் நினைத்து வைத்த வசனங்கள் இருந்தன. ஒன்றும் தேவைப்படவில்லை.

"அது எங்கடை கதை அக்கா" என்றாள் பூமணியிடம். "அழிஞ்சது எனக்கு. கதிரையிலை இருந்தது என்ரை பிள்ளை. உங்கடை பிள்ளை அதை எடுத்து வைச்சுக்கொண்டுதான் வெண்டவள். ஸ்பெயர் ரயரிலைதான் கார் ஓடியிருக்கு."

பூமணியின் முகம் மாறியது. உதயகுமாரி அதைப் பார்த்தாள். முழுவதுமாகப் பார்த்தாள். நெஞ்சு குளிர்ந்தது.

சாய் மெல்லிய குரலில் கரோலினாவுக்குச் சொல்லிக்கொண்டே போனான். பாதியில் கரோலினா அவன் தோளில் கை வைத்து நிறுத்தினாள். "நீ, ஒரு பிள்ளை, இதை மொழிபெயர்க்கக் கூடாது. மன்னித்துக்கொள்." பிறகு தனுஷாவின் பக்கம் திரும்பினாள். "இது உன்னுடையதா?"

தனுஷா தலையாட்டினாள்.

"அப்படியானால் துஷாரா இதைச் சொல்ல முடியாது. என் பிழையும் இருக்கிறது. 'நான்' என்று சொல்லச் சொல்லி நெருக்கினேன்." அவள் தலைமயிரைக் கோதினாள். "நீங்கள் இருவரும் ஒத்துக்கொண்டால், நான் இப்போதே தொலைபேசி எடுத்துப் பெயரை மாற்றலாம். சொல்ல வேண்டிய ஆள் நீதான்."

இது உதயகுமாரிக்கு யாரும் சொல்லாமலே விளங்கியது. "ஓம்" என்றாள் தமிழில். பிறகு, "யா, யா" என்றாள்.

துஷாரா அழுதுகொண்டு தலையாட்டினாள். "அவள் போகட்டும். நான் அப்பவே குடுத்திருப்பன்."

"நான் போகமாட்டன்" என்றாள் தனுஷா.

"ஏனடி?" உதயகுமாரி மகளுக்குப் பக்கத்தில் வந்தாள். "இப்பவும் ஏன் பின்னுக்கு நிக்கிறாய்? இது உன்ரை. ஆரும் உனக்குப் பிச்சை போடேல்லை. கட்டின பெட்டி கிடக்கு. எடுத்துக்கொண்டு போ."

"முடிவு இருக்கு அம்மா."

"என்ன முடிவு?"

உதயகுமாரி துஷாராவைப் பார்த்தாள். முதல் நாள் அந்த இடத்தில் எழுந்த அகப்பைச் சத்தம் இப்போது அவள் காதில் வேறு மாதிரிக் கேட்டது.

"நீ சொல்லு" என்றாள் துஷாராவிடம். "எல்லாருக்கும் சொன்னதை என்ரை வீட்டிலை சொல்லு. முழுக்க."

துஷாரா தனுஷாவைப் பார்த்தாள். தனுஷா கண்ணை மூடித் திறந்தாள்.

துஷாரா சொன்னாள். நாலு வசனம். நோர்வேஜிய மொழியில், மெதுவாக, உணர்ச்சியே இல்லாமல்.

பூமணி வாயைப் பொத்தினாள். அப்படியே சோபாவின் ஓரத்தில் இருந்தாள். சாய் கையிலிருந்த ரோல்ஸைத் தட்டில் வைத்தான். கரோலினா எல்லோருடைய முகத்தையும் மாறி மாறிப் பார்த்தாள். அவளுக்கு அப்போதுதான் ஏதோ விளங்கத் தொடங்கியது.

உதயகுமாரி ஒரு கதிரையை இழுத்து இருந்தாள். இன்னொன்றைத் தனக்கு முன்னால் இழுத்து வைத்தாள். தனுஷா அதில் இருந்தாள். இருவரின் முழங்காலும் முட்டின.

"எனக்கு விளங்கினது" என்றாள் உதயகுமாரி. "இப்ப எனக்கு நொஸ்க் விளங்கும். ஆனால் நீ தமிழிலை சொல்லு."

"எனக்கு ஒன்பது வயசு அம்மா. நீங்கள் நீலத் துணி வாங்கி வைச்சிருந்தனீங்கள். என்னை விட்டிட்டு எப்ப பார்த்தாலும் வயித்தையே தடவிக்கொண்டு... தம்பி வந்தால் நீங்கள்..."

"அதை நான் கேக்கேல்லை." குரல் உயரவில்லை. "டொக்டர் என்ன சொன்னவர்?"

தனுஷா இரண்டு கையையும் மடியில் வைத்தாள். தாயின் முகத்தைப் பார்த்தாள்.

"உங்களுக்கு ஒரு குறையும் இல்லையாம் அம்மா. மூண்டு மாதம் போனாப் பிறகு நீங்கள் இன்னொரு பிள்ளை பெறலாமாம்."